ஒரே உயரத்தில் இரண்டு கோடுகள்

வீட்டிலேயே வைத்து பைக் த்ராட்டிலைச் சமன் செய்ய எந்தக் கருவி வாங்கலாம் என்று யாராவது கேட்டால், எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு பலகை, நாலு மீட்டர் பிளாஸ்டிக் குழாய், கொஞ்சம் எண்ணெய் போதும். எங்கள் ஊரில் பாதிப் பேரிடம் இருப்பது சிலிண்டர் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பவேரிய பைக். பக்கத்துக்கு ஒரு த்ராட்டில், அதாவது என்ஜினுக்குக் காற்றை விடும் மூடி, அதை இழுக்க ஒரு கேபிள். இரண்டும் ஒரே அளவு திறக்காவிட்டால் வண்டி உதறும், கை மரத்துப்போகும். குழாயை இரண்டிலும் மாட்டினால், அதிகம் இழுக்கும் பக்கத்தில் எண்ணெய் ஏறும். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா.

ஹென்னிங்குக்கு இது பிடிக்கவில்லை. வடக்கே பிரேமனிலிருந்து வந்து மூன்று வருடமாக என் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பல் வைத்தியன். இரண்டு முள் வைத்த கருவியா, எலெக்ட்ரானிக் பெட்டியா என்று என்னிடம்தான் யோசனை கேட்டான். குழாய் என்றேன். பெட்டி வாங்கினான். திரையில் இரண்டு நீலக் கோடுகள் ஏறி இறங்கும்.

வாங்கட்டும். ஆனால் என் மனைவி புர்கி வேலியைத் தாண்டிப் போய் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். முப்பத்தோரு வருடத்தில் என் பலகையை அவள் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

"உன் குழாயும் உன்னை மாதிரிதான், குவிரின். உம்முன்னு நிக்கும். இது எப்படித் துள்ளுது பாரு," என்றாள்.

ஒன்பது வருடமாக அவள் என் பின்சீட்டில் ஏறவில்லை. முதுகுவலி என்றாள். வண்டி உதறுவதால்தான் என்று நினைத்து, ஒவ்வொரு வசந்தத்திலும் அவளுக்காகவே சமன் செய்தேன். பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. 'ஹென்னிங் சொன்னான்' என்று ஆரம்பித்து அவள் சிரிக்கும்போது உருளைக்கிழங்கு உருண்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

ஏப்ரலில் எங்கள் பாதிரியார் பைக்குகளுக்குத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வாதம் செய்வார். அதற்கு முந்தைய சனிக்கிழமை ஹென்னிங் என்னைக் கூப்பிட்டான். பெட்டி இருந்தது, வேலை கைவரவில்லை. நான் போனேன். சூடான என்ஜினுக்கு முன்னால் புர்கி மின்விசிறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டு விசிறி.

இந்தக் கருவிகள் எல்லாமே ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டும் சமமா, இல்லையா. கேபிள் இரண்டையும் தொய்வே இல்லாமல் இழுத்து இறுக்கிவிட்டாலும், சமமாக இறுக்கியிருந்தால், சமம் என்றுதான் காட்டும். கோளாறு ஹேண்டிலை முழுசாகத் திருப்பும்போதுதான் தெரியும். கேபிள் தானாக இழுபடும், ஆக்ஸிலரேட்டரை யாரும் முறுக்காமலே த்ராட்டில் திறக்கும். அதனால்தான் கடைசியில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிச் சத்தம் கேட்பது.

கோடுகள் ஒரே உயரத்துக்கு வந்தன. புர்கி கை தட்டினாள்.

"ஹேண்டிலத் திருப்பிப் பாக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்கே?" என்றான் ஹென்னிங்.

"அதெல்லாம் பாத்தாச்சு. மணி பன்னெண்டு அடிக்கப் போகுது. அணைச்சிடு, அப்புறம் எதிர்வீட்டம்மா முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டுடுவா," என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் எங்கள் ஊரில் சத்தம் போடக் கூடாது, அந்த மத்தியான அமைதி நேரத்தை நான் மீறியதே இல்லை. அவன் உடனே அணைத்துவிட்டான். வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு எங்களைவிட அதில் பயம் அதிகம்.

அவன் வாசலிலேயே வண்டியைத் திருப்பும்போது அது துள்ளும், கீழே போட்டுக்கொள்வான், புர்கி விழுந்து விழுந்து சிரிப்பாள். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. அவன் எப்போதும் தனியாகப் போகிறவன். அவள் பாட்டுக்குழுப் பெண்களோடு காரில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் எங்கள் கொடியில் அவளுடைய பழைய ஹெல்மெட்டின் உள்துணி காய்ந்தது. அவள் சுத்தக்காரி, எதையாவது துவைத்துக்கொண்டே இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். ஒரு சொட்டு அவள் கன்னத்தில் விழுந்ததை அவன் துடைத்துவிட்டான். அவள் அவன் பின்னால் ஏறினாள். நான் கையில் பிரெட்செல் ரொட்டியோடு இருபதடி தள்ளி நின்றேன். நூறு பைக் உறுமும்போது யார் கத்தினால் கேட்கும்? நான் கத்தவில்லை.

ஆசீர்வாதம் முடிந்து எல்லோரும் ஊர்வலமாகப் போகும் மலைப்பாதையின் மூன்றாவது கொண்டையூசி வளைவு. ஹேண்டிலைத் திருப்பியதும் வண்டி தானாகச் சீறி நேரே போயிருக்கிறது. அவன் புல்லில் விழுந்தான், கால் முறிந்தது. புர்கி பாதையோரச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் விழுந்தாள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களே விபத்து என்று கோப்பை மூடப்போகிறீர்கள். நான் ஏன் வந்தேன் என்றால், அடக்கத்தின்போது ஹென்னிங் ஊன்றுகோலோடு குழிக்குப் பக்கத்திலேயே நின்று, "நாந்தான் அவளக் கொன்னுட்டேன், நாந்தான் திருப்பிப் பாக்காம விட்டேன்," என்று அழுதான். மொத்த ஊரும் அவனைக் கட்டிப் பிடித்தது. என் கையை மட்டும் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவள் என் மனைவி. அவள் சாவிலும் அவன் நடுவில் வந்து நிற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. கேபிளை இறுக்கியது அவன் இல்லை, நான். அதை அவன் பெயரில் எழுதாதீர்கள். புர்கிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்றுதான் கடைசிவரை நினைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் காட்டுகிற இந்தப் படமா? ஆமாம், ஏறுகிற எடைக்குத் தக்கபடி பின்சக்கரத்து ஸ்பிரிங்கை இறுக்குகிற திருகுதான் அது. ஹென்னிங்குக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதையும் சனிக்கிழமை நான்தான் வைத்தேன். எந்த வேலையையும் நான் அரைகுறையாக விடுவதில்லை. இரண்டு பேர் போகிற வண்டிக்கு அந்த அளவில்தான் வைக்க வேண்டும்.