கோப்பைக்கு அடியில் ஒரு பெயர்

மொழிபெயர்ப்பாளரின் கண்ணாடி அறைக்குள் தேநீர் கொண்டு போகக் கூடாது. மைக் பக்கத்திலேயே இருக்கும், கோப்பையைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாலும் நாடு முழுக்கக் கேட்கும். நான் முப்பது வருடமாகக் கொண்டு போகிறேன், ஒருநாளும் சத்தம் கேட்டதில்லை.

ஆரணி, நீங்கள் போனை மேசையில் வைத்து இதைப் பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. வழக்கமாக உங்கள் வயதுப் பிள்ளைகளை நான் 'நீர்' என்றுதான் கூப்பிடுவேன். இன்றைக்கு வாய் வரவில்லை. அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. டொரண்டோவுக்குத் திரும்ப முதல், கொட்டாஞ்சேனையில் இருந்து வெள்ளவத்தைக்கு இந்த வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். முர்ஷித் உங்களிடம் சொன்னது சரி. ஜனாதிபதி வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதத்தில் உங்கள் அம்மா தமிழில் கேட்ட கேள்வியை நான் சிங்களத்தில் சொல்லவில்லை. வேறொரு கேள்வியைச் சொன்னேன். அது தவறிப்போய் நடந்ததல்ல.

எங்கள் வேலை எப்படி என்று முதலில் சொல்கிறேன். மூன்று வேட்பாளர்களும் சிங்களத்தில் பேசுவார்கள். அவர்கள் பேசப் பேசவே நான் தமிழில் சொல்வேன், அது தமிழ் அலைவரிசையில் போகும். யாராவது தமிழில் கேட்டால் அதே வேகத்தில் சிங்களத்தில் சொல்வேன், அது வேட்பாளர்களின் காதுக்குள்ளும் சிங்கள அலைவரிசையிலும் போகும். 'அவர் சொல்கிறார், இவர் கேட்கிறார்' என்று சொல்லக் கூடாது. பேசுபவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அறைக்குள் இரண்டு பேர் இருப்போம், அரை மணிக்கு ஒருவர். மற்றவர் சும்மா இருப்பதில்லை. பெயர்களையும் இலக்கங்களையும் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பேசுபவரின் முன்னால் தள்ளுவார். வேகத்தில் முதலில் தவறுவது அவைதான். இரண்டு மொழியையும் ஒரே நேரத்தில் கேட்கிற ஆள் அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கு என்னோடு இருந்தது முர்ஷித். பதினாறு வருடம் சேர்ந்து வேலை செய்திருந்தோம்.

பொதுமக்கள் கேள்விக்கு ஆறு பேரைத் தெரிவு செய்தது நிகழ்ச்சித் தயாரிப்பாளர் டோரின். அவவும் கொட்டாஞ்சேனை, உங்கள் அம்மாவின் அடுத்த ஒழுங்கை. பட்டியலில் நாகேஸ்வரி என்ற பெயரை நான் பார்த்தது நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலம் முதல். வெளியே வந்து பார்த்தால் அம்மா நடைபாதையில் கதிரையில் இருக்கிறா. மாம்பழ நிறச் சேலை, மடியில் பிளாஸ்டிக் கோப்புறை. என்னைக் கண்டதும் எழும்பினா.

"அண்ணை, இண்டைக்கு நீங்கள்தான் சிங்களத்தில சொல்லப்போறீங்கள் எண்டு டோரின் சொன்னவ. அதாலதான் நான் பயமில்லாம வந்தனான்."

"என்ன கேக்கப்போறியள்?" என்றேன்.

"வேறென்ன. அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேக்கப்போறன். இவ்வளவு காலமும் கடுதாசியில எழுதினம். இண்டைக்கு என்ர வாயால சொல்லுறன்."

கேள்வி சின்னது. 2008 இல் உங்கள் அண்ணா வினோதனைக் கொட்டாஞ்சேனை அறையில் இருந்து கூட்டிக்கொண்டு போன அதிகாரி, வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லிவிட்டே போயிருந்தார். பயப்பட வேண்டாம் அம்மா, நான் இன்னார், நாளைக்கு வந்து என்னைக் கேளுங்கள் என்றாராம். அந்த இன்னார் இப்போது மூன்று வேட்பாளர்களில் ஒருவருக்குப் பாதுகாப்பு ஆலோசகர். அம்மா அந்த வேட்பாளரைப் பார்த்துக் கேட்டது இதுதான்: "உங்கட ஆலோசகர் இன்னார்தான் என்ர மகனைக் கூட்டிக்கொண்டு போனவர். அவர் வெளியிலதான் நிக்கிறார். என்ர பிள்ளை எங்கயெண்டு அவரிட்டக் கேட்டுச் சொல்லுவீங்களா?"

அந்த நேரம் முர்ஷித்தின் முறை தொடங்கி நாலு நிமிடம் ஆகியிருந்தது. நான் மைக்கைக் கொடுக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான், நான் கையைக் காட்டிப் பொறு என்றேன். அம்மா பெயரைச் சொன்னதும் அவன் தன் வேலையைச் செய்தான். காகிதத்தில் அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி என் முன்னால் தள்ளினான். நான் என் தேநீர்க் கோப்பையைத் தூக்கி அதன் மேல் வைத்தேன்.

பிறகு சிங்களத்தில் சொன்னேன்: "நான் மகனைத் தொலைத்த ஒரு தாய். காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு உங்கள் ஆட்சியில் என்ன நிவாரணம் கிடைக்கும்?" நல்ல சிங்களம். குரல் கொஞ்சம் தழுதழுக்கவும் செய்தது, அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை.

வேட்பாளர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு நிவாரணம் பற்றிச் சொன்னார். அலுவலகம் திறப்போம், கொடுப்பனவு கூட்டுவோம், இனங்களுக்கிடையில் நம்பிக்கை. ஒரு நிமிடம் பேசினார். அம்மா காதில் ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி அவரைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற என்னைப் பார்த்தா. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் அவவுக்கு விளங்கிவிடும். ஆகவே நான் தமிழில் சொன்னேன்: "அம்மா, நீங்கள் சொன்ன பெயரைக் குறித்துக்கொண்டேன். நானே அவரிடம் கேட்பேன். வென்றாலும் தோற்றாலும் ஒரு மாதத்துக்குள் என் அலுவலகத்தில் இருந்து உங்களுக்கு அழைப்பு வரும்."

உங்கள் அம்மா இரண்டு கையையும் கூப்பினா. வேட்பாளரும் கூப்பினார். படப்பிடிப்பாளர் அதை நன்றாக எடுத்திருந்தார்.

அடுத்த நாள் முகப்புத்தகத்தில் யாரோ ஒருவர், கேள்வியைச் சரியாக மொழிபெயர்க்கவில்லை என்று எழுதினார். நேரம் போதாமல் சுருக்கியிருப்பார்கள் என்று இன்னொருவர் பதில் எழுதினார். அதோடு சரி. தமிழ்ப் பத்திரிகை ஒன்று அந்த வாக்குறுதியை உள்பக்கத்தில் போட்டது. வேட்பாளரின் ஆட்கள் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதில்லை.

முர்ஷித் மட்டும் வாகனத் தரிப்பிடத்தில் வைத்துக் கேட்டான். "அண்ணன், பெயரை எழுதித் தந்தேனே, ஏன் சொல்லாம உட்டீங்க?"

"அந்த அம்மாவின்ர பாதுகாப்புக்கு," என்றேன். "நேரலையில அப்பிடிப் பெயர் சொன்னா அவ வீடு போய்ச் சேருவாவா?"

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். அதற்குப் பிறகு என்னோடு ஒரே அறையில் வேலைக்கு வரவில்லை. நான் சொன்ன காரணம் நியாயமானது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போதும் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் அம்மாவின் கோப்புறையைக் கொண்டு வந்திருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்ல வேண்டும். அதில் பதினொரு கடிதங்களின் பிரதி இருக்கிறது. ஆணைக்குழுக்களுக்கு, அமைச்சுக்கு, பொலிஸ் மா அதிபருக்கு. தமிழில் அம்மா எழுதியது, சிங்களத்தில் நான் எழுதியது. ஒன்பது வருடம். ஒரு சதம் நான் வாங்கவில்லை. சிங்களம் வாசிக்கத் தெரிந்த யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். பதினொன்றிலும் அந்த அதிகாரியின் பெயர் இல்லை. 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று இருக்கும். பெயரில்லாத முறைப்பாட்டுக்கு என்ன பதில் வரும்? கிடைத்தது என்று ஒரு வரி வரும், அதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

ஒவ்வொரு முறையும் அம்மா கேட்பா. "பெயரைப் போட்டனீங்கள்தானே அண்ணை?"

"ஓம், போட்டிருக்கிறன்."

வெட்கமாக இருக்கிறது, பிள்ளை. உங்கள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் போனைப் பார்த்துப் பேசுகிறேன். அவ வரும்போதெல்லாம் ஒரு பையில் கடலை வடை கொண்டு வருவா. நான் அதைத் தின்றிருக்கிறேன்.

அம்மா முதன்முதல் இந்த வீட்டுக்கு வந்த நாளைச் சொன்னால் மிச்சம் விளங்கும். வெள்ளவத்தையில் சிங்களக் கடிதம் எழுத நல்ல ஆள் யார் என்று கோயிலில் விசாரித்திருக்கிறா, யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். கோப்புறையைத் திறந்து ஒரு பிரதியை எடுத்துத் தந்தா. வழக்கறிஞர் ஒருவர் வெளிநாடு போக முதல் எடுத்துக் கொடுத்ததாம். "இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. பிள்ளை கையெழுத்து வைச்சிருக்கிறான்" என்றா.

அது வினோதனின் ஒப்புதல் வாக்குமூலம். சிங்களத்தில் இரண்டு பக்கம். கீழே வினோதனின் கையெழுத்து, பக்கத்தில் அதிகாரியின் கையெழுத்து, அதற்கும் கீழே மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து. அந்த மூன்றாவது என்னுடையது.

2008 இல் அந்த அதிகாரியின் அலுவலகத்துக்கு, விசாரணைகளில் மொழிபெயர்க்க, வாரத்தில் மூன்று நாள் என்னைக் கூப்பிடுவார்கள். வினோதன் புறக்கோட்டையில் ஒரு போன் கடையில் வேலை செய்தான். இருபத்திரண்டு வயது. மேசைக்கு மற்றப் பக்கம் இருந்து என்னை 'அங்கிள்' என்றான். "அங்கிள், ஒரு ஆள் வந்து சிம் கேட்டவர், குடுத்தனான். ஆரெண்டு எனக்குத் தெரியாது" என்றான். நான் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி புன்னகைத்தார். மிகவும் மரியாதையான மனிதர். "மிஸ்டர் கதிர்காமநாதன், இப்படி எழுதுவோம்," என்றார். "யாருக்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் கொடுத்தேன்." பிறகு என் வீட்டில் எல்லாரும் சுகமா, மூத்த மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். பள்ளிக்கூடத்தின் பெயரை அவரே சொன்னார்.

நான் எழுதினேன். 'நான்' என்றே எழுதினேன், அதுதான் விதி. எழுதியதைக் கையெழுத்துக்கு முதல் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வினோதன் சொன்னதை வினோதனுக்கே வாசித்துக் காட்டினேன். யாரென்று எனக்குத் தெரியாது என்று வாசித்தேன். அவன் தலையை ஆட்டினான். "சரிதான் அங்கிள், இனி வீட்ட போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்து வைத்தான்.

இரண்டு பக்கத்துக்கும் அவரவர் கேட்க விரும்பியதைச் சொன்னால் அறை அமைதியாக இருக்கும். அதை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த அதிகாரியின் பெயர் எங்காவது ஒரு விசாரணையில் ஏறினால் இந்தக் கோப்பு எடுக்கப்படும். கோப்பு எடுக்கப்பட்டால் கீழே மூன்றாவது கையெழுத்து இருக்கிறது. அதுதான் காரணம், பாதுகாப்பு பிறகு சேர்த்துக்கொண்டது. அன்றைக்கு உங்கள் அம்மாவுக்கு அந்த இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டினேன். மகனுக்கு வாசித்த மாதிரியே வாசித்தேன். "பாருங்கோ, என்ர பிள்ளை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்" என்று அழுதா. கீழே இருக்கிற கையெழுத்துகள் யாருடையவை என்று அவ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

விவாதத்துக்குப் பிறகு நடந்தது உங்களுக்குப் பாதி தெரியும். இருதயத்தில் வால்வு மாற்ற ஒக்டோபரில் திகதி கொடுத்திருந்தார்கள். அம்மா போகவில்லை. இங்கே வந்து, இதே கதிரையில் இருந்து சொன்னா: "அவையள் கூப்பிடேக்க நான் ஆஸ்பத்திரியில மயங்கிக் கிடந்தா ஆர் கதைக்கிறது அண்ணை? திகதியைத் தள்ளித் தரச் சொல்லி ஒரு கடுதாசி எழுதித் தாங்கோ."

எழுதினேன். டிசம்பரில் இன்னொருமுறை கேட்டா, அதையும் எழுதினேன். அந்த இரண்டு கடிதத்திலும் ஒரு சொல் பிசகில்லை. ஆஸ்பத்திரியும் உடனே ஒத்துக்கொண்டது. அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்கலாம். அழைப்பு வராது, அது நான் சொன்ன பொய் என்று ஒரு வசனம் போதும். முப்பது வருடம் மற்றவர்களுக்காக 'நான்' என்று சொன்னவனுக்கு அது வரவில்லை. கடைசியாக வந்தபோது வடைப் பையைத் தந்துவிட்டு, "நீங்கள் இல்லாட்டி என்ர குரல் அங்க போயிருக்காது" என்றா. பதினெட்டு நாளில் நீங்கள் விமானத்தில் வந்து இறங்கினீர்கள். போன் அவவின் மடியில் இருந்ததென்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்கள், சார்ஜ் வயரோடு.

முர்ஷித்தின் காகிதத்தைக் கேட்டீர்கள். வைத்திருக்கிறேன், இதோ. தேநீர் ஊறி மை கரைந்துவிட்டது, வட்டம் மட்டும் தெரிகிறது. உங்கள் அண்ணாவின் வாக்குமூலம் பொய். அதை எழுதியவன் நான். உங்கள் அம்மாவின் கேள்வியை ஒன்பது வருடம் மறைத்தவனும் நான். அவவை வராத அழைப்புக்குக் காத்திருக்க வைத்துச் சாகவிட்டவனும் நான். இதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

அந்த அதிகாரியின் பெயரை நான் இதில் சொல்லவில்லை என்று கவனித்திருப்பீர்கள். அது உங்கள் பாதுகாப்புக்காக. நீங்கள் நல்லபடியாகத் திரும்பிப் போக வேண்டும்.

இதைப் பொலிசில் கொடுக்கப் போகிறீர்கள், கொடுக்கத்தான் வேண்டும். சிங்களத்தில் கேட்பார்கள். அதற்காக வெளியில் ஆள் தேடி அலைய வேண்டாம் பிள்ளை, இந்தக் காலத்துப் பெடியள் சொற்களை விட்டுவிடுவார்கள். பதிவை எனக்கு அனுப்பிவிடுங்கள். நாளைக் காலைக்குள் நானே மொழிபெயர்த்து வைக்கிறேன்.