ராய் கங்காஸ் பேசுறேன்

இல்லப்பா, கேட்டா விழுந்து விழுந்து சிரிப்ப, சத்தியமா. ஆனா இப்பச் சொல்ல மாட்டேன். டுலூத் டவுன் வரட்டும். நீ வாங்கணும்ங்கிற ஐஸ்ல துளை போட்டு மீன் பிடிக்கிற மிஷின் கடைய விட்டு எங்கயும் ஓடிடாது. வண்டி நான் ஓட்டுறேன், நீ காப்பியக் குடி.

அதுவரைக்கும் நம்ம டாக்டர் மாதிரி பேசிக் காட்டவா? மூக்காலயே பேசுவாரே. ஆசிட்தான் ராய். வயசாகுதுல்ல ராய். ஏழு மாசம்ப்பா! விழுங்க முடியாம மான்கறியப் பொடிப்பொடியா நறுக்கி, ஒவ்வொரு வாய்க்கும் பால ஊத்தி இறக்குற. அந்த ஆளு மாத்திரைய மட்டும் மாத்திக்கிட்டே இருந்தாரு. அப்புறம் குழாய் விட்டுப் பாத்து, சதையில துணுக்கு எடுத்து, வெறும் புண்ணுன்னுட்டாங்க. நீயும் தலைய ஆட்டிட்டு வந்துட்ட.

எனக்கு எரிஞ்சுச்சு. நானே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். காத்திருங்கன்னு பதினோரு நிமிஷம் பியானோ பாட்டு. அப்புறம் ஒரு பொண்ணு, குரல்ல தேன் ஒழுக: மன்னிச்சுக்க கண்ணு, நோயாளியேதான் பேசணும். நோயாளி ஃபோனத் தொடவே மாட்டாரும்மா! முறைக்காத. என்னைக்காவது தொட்டிருக்கியா?

அதான் மறுநாள் நோயாளியே பேசினாரு. தொண்டையக் கனைச்சுக்கிட்டு, ம்ம், ராய் கங்காஸ் பேசுறேன். பிறந்த தேதி கேட்டாங்க, சொன்னேன். அவ்வளவுதான், நம்பிட்டாங்க! அந்தத் துணுக்க டுலூத் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மறுபடி பாக்கச் சொன்னேன். நம்பர் என்னோடதக் குடுத்தேன்.

இருப்பா, சிரிப்பு இன்னும் வரல. செவ்வாக்கிழமை கெமிஸ்ட்ரி வகுப்பு முடிஞ்சு வெளிய வர்றேன், டுலூத்லேருந்து டாக்டரம்மா ஃபோன். தனியா இருக்கீங்களா ராய்? ம். உக்காந்துக்குங்க ராய். ம். உன்ன மாதிரியேதான், ம் தவிர வேற பேச்சே இல்ல.

மெலனோமாங்கிற புற்றுநோயாம். பெரும்பாலும் தோல்லதான் வருமாம் அது. உனக்கு உணவுக்குழாய்க்குள்ள வந்திருக்கு. ரொம்ப அபூர்வமாம், அதான் இங்க பாத்தவங்க கோட்டை விட்டுட்டாங்களாம். பரவியிருக்கான்னு பாக்க உடனே ஸ்கேன் எடுக்கணும், வெள்ளிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு வந்துடுங்க ராய்னாங்க.

வீட்ல யாரு இருக்கான்னு கேட்டாங்க. ஒரே பையன், படிக்கிறான்னேன். அந்தம்மா ரொம்பத் தன்மையா, குரலத் தாழ்த்தி, சின்னப் பையன், பயந்துடப் போறான், நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்கன்னாங்க.

இதுதான்ப்பா அந்தச் சிரிப்பு.

என்ன?

ஆமாப்பா. இன்னைக்கு வெள்ளிக்கிழமைதான்.