நாலு சக்கரத்துத் தார்

அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் கொட்டகையில் இருந்தவர்கள்: சின்ன முக்காலியில் மாமனார், பக்கத்தில் வாளியைப் பிடித்தபடி மாப்பிள்ளை, மாடி ஜன்னலில் மாமியாரின் முகம். முகத்தையும் முழு ஆளாக எண்ணினால் மூன்று பேர். பேசியது ஒருவர்தான்.

"...அறிவு வேணாம்? ரோடு போடுறானாம் ரோடு. போட்டா, போட்டிருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியற மாதிரி ஒரு அடையாளம் வைக்க வேணாம்? புதுத் தாரு மாப்பிள்ளை. ஆவி பறக்குது. அதுல கொண்டுபோய் என் வண்டியை... பாருங்க, இந்த அலாய் வீலைப் பாருங்க. நாலுலயும் சேர்த்து நாப்பத்தி மூணு புள்ளி. எண்ணிட்டேன்."

மாப்பிள்ளை பார்த்தார். அவர் சக்கரம் பார்க்க வரவில்லை, ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வந்திருந்தார். திங்கட்கிழமை முதல் பேத்தியைப் பள்ளியில் விடுவதாக மாமனார் தாமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். அது வேண்டாம், இனிமேல் நீங்கள் வண்டியே ஓட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பெற்ற மகளுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. மாப்பிள்ளை சொன்னால் மரியாதைக்காவது கேட்டுக்கொள்வார் என்பது அவள் கணக்கு. வீட்டில் மூன்று தடவை சொல்ல வைத்துப் பார்த்துத்தான் அனுப்பியிருந்தாள்.

வந்து நாற்பது நிமிஷம் ஆகிவிட்டது. அதில் "மாமா" என்ற முதல் சொல்லை மட்டும் இரண்டு தடவை சொல்லியிருந்தார். இரண்டு தடவையும் மாமனார், "அதேதான் மாப்பிள்ளை நானும் சொல்றேன்" என்று தன் பேச்சையே தொடர்ந்தார்.

முப்பத்தொரு வருஷம் ஒரு பெரிய கிடங்கில் சரக்கு இருப்புக் கணக்குப் பார்த்த மனிதர். அவசரம் என்பது அவர் கைக்குத் தெரியாது. சக்கரம் சூடாக இருக்கும்போது தொடக்கூடாதாம், அதனால் காலையிலிருந்தே வண்டியை நிழலில் ஆறவிட்டிருந்தார். முதலில் ஷாம்பு தண்ணீர் ஊற்றி மண்ணைப் போக்க வேண்டுமாம். மண்ணோடு துடைத்தால் அந்த மண்ணே பூச்சைக் கீறிவிடுமாம். பிறகுதான் தார் நீக்கும் மருந்து. அதையும் சக்கரத்தில் ஊற்றக் கூடாது, துணியில் நனைத்துப் புள்ளியின்மேல் ஒற்றி வைத்து அறுபது எண்ண வேண்டும். தேய்க்கவே கூடாது. தார் தானாக இளகும், அப்போது ஒரே இழுப்பாக வழித்தெடுக்க வேண்டும். துணியில் தார் பட்ட இடம் மறுபடி சக்கரத்தில் பட்டால் செய்ததெல்லாம் வீண்.

இத்தனையும் சொல்லிக்கொண்டே அறுபதையும் எண்ணினார். பேச்சின் நடுவில் "பதினெட்டு" என்பார், எதிர்வீட்டுக்காரரைத் திட்டுவார், "இருபத்தஞ்சு" என்பார். தப்பவில்லை. மாப்பிள்ளை மனசுக்குள் சேர்ந்து எண்ணிப் பார்த்தார், அவருக்குத்தான் தப்பியது.

எதிர்வீட்டுக்காரர் பிளேடால் சுரண்டச் சொன்னாராம். தினமும் அவர் தன் முகத்தைச் சுரண்டிக்கொண்டு வருகிற லட்சணத்தைப் பார்த்துமா அந்தப் பேச்சைக் கேட்பது? பெட்ரோல் பங்கில் ஒருவன் ஆசிட் என்றானாம். பூச்சு வெந்து வெளுத்துப் போனால் அவனா வந்து நிற்பான்? கட்டின மனைவி என்ன செய்தாள் தெரியுமா என்று இங்கே குரலைத் தாழ்த்தினார், ஆனால் ஜன்னலுக்குக் கேட்காத அளவுக்கு அல்ல. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை நீட்டினாளாம்.

"முப்பத்தெட்டு வருஷமா இவ சட்டியில சாப்பிடறேன். ஒரு சட்டியாவது மினுங்கி நான் பார்த்ததில்ல."

ஜன்னலில் இருந்த முகம் அசையவில்லை.

அடுத்த சக்கரத்துக்கு முக்காலியை நகர்த்தினார். பேத்திக்குப் பின்சீட்டில் போட மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். பள்ளிக்கு வழியையும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாயிற்றாம். பதினோரு திருப்பம், மூன்று வேகத்தடை. மாப்பிள்ளை வாளியைக் கை மாற்றிக்கொண்டு மூன்றாவது தடவை வாயைத் திறந்தார். அதற்குள் மாமனாரின் பேச்சு சாலைக்காரர்கள்மேல் புகார் எழுதுவதற்குப் போய்விட்டது. வழியை அடைத்துப் பீப்பாய் வைக்கவில்லை, கயிறு கட்டவில்லை என்று எழுதப்போகிறாராம். ஆள் ஒருவன் அங்கேயே நின்றானாம், அவனாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமாம்.

"நின்னான் மாப்பிள்ளை. இடது பக்கமா. கடைசி நேரத்துலதான் கண்ணுல பட்டான். கையில ஏதோ செவப்பா வச்சுக்கிட்டு ஆட்டினான். யாரோ தெரிஞ்ச ஆளு போலருக்குன்னு நானும் பதிலுக்குக் கையாட்டிட்டுப் போனேன்."

ஒற்றிய துணி ஒற்றியபடியே இருந்தது. முப்பத்து நாலோடு எண்ணிக்கை நின்றுவிட்டது.

"போனப்புறம் தடதடன்னு ஏதோ உருண்டுச்சு. கண்ணாடியில பார்த்தா பீப்பா. ரெண்டு." துணியை எடுத்து, மடிப்பை மாற்றினார். "வச்சிருந்தான். வச்சுத்தான் இருந்திருக்கான்."

மாடி ஜன்னல் சத்தமில்லாமல் சாத்தப்பட்டது.

அதன்பின் அரைமணி நேரம் கொட்டகையில் எண்கள் மட்டும் கேட்டன. கடைசிப் புள்ளியையும் வழித்து, மறுபடி ஷாம்பு தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, மெழுகு தடவி முடித்தார். நாற்பத்து மூன்றும் தீர்ந்தது என்று எழுந்தார். முட்டி இரண்டும் படபடவென்று சொடக்கு விட்டன. மாப்பிள்ளை கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நேரம் வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு சும்மா வந்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா? நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கிடங்குல ஒரு முறை உண்டு. எண்ணினவன் சொல்ற கணக்கு செல்லாது. வேற ஒருத்தர் எண்ணணும், அவர் சொல்றதைத்தான் எழுதுவோம். நீங்க எண்ணுங்க மாப்பிள்ளை. ஒண்ணும் இல்லன்னா திங்கக்கிழமை நான் பாப்பாவைக் கூட்டிட்டுப் போறேன். இருந்தா, நீங்க."

மாப்பிள்ளை குனிந்தார். வேலை அற்புதமாக இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஓர் இடத்தில் பூச்சு மங்கவில்லை, குனிந்த அவர் முகமே அதில் தெரிந்தது. நாலு சக்கரத்திலும் வலது பாதி அப்படித்தான், நடுவும் அப்படித்தான். இடது ஓரத்தில் மட்டும் யாரும் தொடாத தார் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஒரு சுற்று எண்ணினார். தப்பாக இருக்கட்டும் என்று மறுபடியும் எண்ணினார். அதே எண்தான் வந்தது.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை?"

"பதினாலு, மாமா."