ஏழாம் நம்பர் நாக்கு

சுமலதா: நாக்கை நீட்டுங்க மத்தியோ... இன்னும் கொஞ்சம். ஆட்டாதீங்க!

மத்தியோ: ஆ... ஆ...

சுமலதா: சுரண்டி எடுக்கறப்போ பேசாதீங்க, பல்லுல இடிக்கும். ஆச்சு. வாயைக் கொப்பளிச்சுக்கோங்க.

மத்தியோ: வாரா வாரம் சுரண்டுறீங்களே... நாக்கு மிச்சம் இருக்கா, தேஞ்சுபோச்சா?

சுமலதா: பேசறதைப் பாத்தா தேஞ்ச மாதிரி தெரியல.

மத்தியோ: சரி, ஸ்லைடு காட்டுறேன்னீங்களே?

சுமலதா: வாங்க, மைக்ராஸ்கோப்புல கண்ணை வைங்க. இது மூணாம் நம்பர் ஆளோட நாக்கு.

மத்தியோ: அட! பச்சைப் பச்சையா... மின்மினி மாதிரி! இன்னாங்க இது?

சுமலதா: நாக்குல கசப்பைப் பிடிக்கிற ரிசெப்டர் இருக்குன்னு சொன்னேன்ல? எங்க ஃப்ரீசர்ல ஒரு சின்னக் குப்பி இருக்கு, ஆன்டிபாடி. அது அந்த ரிசெப்டரைத் தேடிப் போய் ஒட்டிக்கும். ஒட்டின எடம் பச்சையா ஒளிரும்.

மத்தியோ: வேற எதுலயும் ஒட்டாதா?

சுமலதா: ஒட்டக்கூடாது. கசப்புக்கே இருபத்தஞ்சு வகை ரிசெப்டர் இருக்கு. இது அதுல ஒண்ணை மட்டும்தான் தேடும்.

மத்தியோ: பிடிச்ச ஆளைத் தவிர யாரையும் திரும்பிப் பாக்காது... நல்ல குணம்தான்.

சுமலதா: கிண்டல் போதும். இப்போ இதைப் பாருங்க, ஏழாம் நம்பர்.

மத்தியோ: லைட்டைப் போடுங்க.

சுமலதா: போட்டுத்தான் இருக்கு.

மத்தியோ: ஒரே இருட்டா இருக்கே! யாரோடதுங்க?

சுமலதா: உங்களுது. கசக்குதுன்னு சொன்ன எல்லாருக்கும் பச்சை வருது. உங்களுக்கு மட்டும் வாரா வாரம் இதே இருட்டு.

மத்தியோ: அப்போ... அந்தக் குப்பி கெட்டுப்போயிருக்கும். கூரியர்காரன் வெயில்ல போட்டிருப்பான்.

சுமலதா: எங்க கைடு சந்திரகலா மேடமும் அதைத்தான் சொல்றாங்க. சாயந்திரம் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப்போறாங்க. அனுப்பிட்டா, இதை வச்சு நான் பண்ணின வேலை அத்தனையும் குப்பைதான். பிஎச்டி மறுபடியும் மொதல்லேருந்து.

மத்தியோ: ஐயோ... அத்தனையுமா?

சுமலதா: அத்தனையும். அதனால, ஒண்ணு குப்பி பொய் சொல்லுது, இல்லைன்னா...

மத்தியோ: இல்லைன்னா?

சுமலதா: இந்தத் தாளை நாக்குல வைங்க. மொத நாள் கசக்குதான்னு பாக்க வச்ச மாதிரியே.

மத்தியோ: மறுபடியுமா? குடுங்க... உவ்வே! யப்பா, வேப்பங்கொழுந்து! தண்ணி... தண்ணி குடுங்க!

சுமலதா: இந்தாங்க. அவ்ளோ கசப்பா?

மத்தியோ: மெர்சி, ரொம்ப நன்றி... தொண்டை வரைக்கும் எறங்குதுங்க!

சுமலதா: அது மருந்து தடவாத வெறும் தாள். இன்னும் தண்ணி வேணுமா?

மத்தியோ: ...வேணாம்.

சுமலதா: அன்னிக்கு கேன்டீன்ல பச்சை முட்டைக்கோசை வெள்ளரிக்கா மாதிரி கடிச்சித் தின்னீங்க. அதுலயும் இதே கசப்பு உண்டு, நல்லாத் தெரிஞ்சவங்க மூஞ்சியைச் சுளிப்பாங்க. ஏங்க நடிச்சீங்க? ரொட்டிக்கடைக்காரருக்கு நாக்கு சரியில்லைன்னு ஊர்ல பேசுவாங்கன்னா?

மத்தியோ: கடைக்கு இன்னா கேடு, அது பாட்டுக்கு ஓடுது. மொத நாள் வரிசையில எனக்கு முன்னாடி ஒருத்தர் நின்னாரு... ஞாபகம் இருக்கா? கசக்கலைன்னாரு.

சுமலதா: ஆமா.

மத்தியோ: நன்றின்னு சொல்லி அப்பவே அனுப்பிட்டீங்க. கசக்குதுன்னவங்களை மட்டும்தான் வாரா வாரம் வரச் சொன்னீங்க.

சுமலதா: அதுக்கு?

மத்தியோ: அதுக்குத்தான்! கடையைப் பூட்டிட்டு, மூலக்குளத்துலேருந்து கதிர்காமம் வரைக்கும் நாக்கைச் சுரண்டிக்க எவனாவது ஆசையா வருவானா? உங்களைப் பாக்கத்தாங்க வந்தேன். உங்க படிப்பு கெடும்னு சத்தியமா தெரியாது. இப்பவே மேடத்துகிட்ட நானே சொல்லிடறேன். ஏழாம் நம்பரை எடுத்துடுங்க, குப்பியை அனுப்ப வேணாம். இனிமே இந்தப் பக்கம் வரல.

சுமலதா: நில்லுங்க... மேடம் ஒரு கேள்வி கேப்பாங்களே.

மத்தியோ: இன்னா கேள்வி?

சுமலதா: மொத வாரமே ஸ்லைடு இருட்டா இருந்தப்போ அந்த ஆளை ஏன் அனுப்பலைன்னு. குப்பி மேல பழியைப் போட்டு உங்களை வாரா வாரம் வரவச்சது நான்தானே... அதுக்கும் சேத்து நீங்களே ஒரு பதில் சொல்லிடுங்க.