ஒரு துண்டுக் கறுப்பு டேப்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயிண்டைப் பார்க்கிறார்கள். அப்புறம் சீட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள், ரேடியோவைப் போட்டுப் பார்க்கிறார்கள், பின்னால் சூட்கேஸ் வைக்க இடம் இருக்கிறதா என்று திறந்து பார்க்கிறார்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் விளக்கு அணைந்தபடி இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. என் தங்கையும் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாங்கப் போன அன்று கூடவே போயிருந்தேன், நானும் பார்க்கவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஐயா. அந்த மெக்கானிக்கைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். உள்ளே வரும்போது பார்த்தேன், வெளி பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறான். அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது. அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். முறையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும், அவனையும் விடுவீர்கள்.

நான் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு அறை, அதில் மோட்டார்கள், சுவரில் வரிசையாக அழுத்தம் காட்டும் கேஜ்கள். முள் இறங்கினால் வால்வைத் திறக்க வேண்டும், ஏறினால் மூட வேண்டும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. இருந்தாலும் மோட்டார் இரைச்சலில் பேச முடியாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலைபின்னி விடுவதில் தொடங்கி எல்லாமே நான்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று யாரும் மெனக்கெடவும் இல்லை. அவளுக்கு ஆனது, நிலைக்கவில்லை, பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு ரொம்ப வருத்தப்பட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

அவளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. வேறொரு ஊரில், பெரிய ஆஸ்பத்திரியில், லேபுக்கே பொறுப்பாளராக இடம் கிடைத்தது. தங்க வீடும் கொடுக்கிறார்களாம். வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னாள்.

"வாரா வாரம் உன்ன பாக்க வந்துடுவேண்ணா. பஸ்ஸ நம்பினா ஆகாது. அதுக்குத்தான் ஒரு கார் பாத்து வச்சிருக்கேன். பழசுதான், ஆனா சும்மா பளபளன்னு இருக்கு."

என்னையும் கூடவே வரச் சொன்னாள். இந்த வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்றேன். அதற்கு மேல் அவள் வற்புறுத்தவில்லை. எனக்கு அது சுருக்கென்றது. வாரத்துக்கு ஒரு நாள் வருவாள், சரி. மிச்ச நாளெல்லாம் நான் எந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

கார் வீட்டுக்கு வந்த சூட்டோடு அந்த விளக்கு எரிய ஆரம்பித்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், எண்ணெய்க் குவளைப் படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு. ஓடும்போது சாதுவாக இருக்கும், சிக்னலில் நின்றால் மினுக்கும். அவள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் சொன்னேன், "பயப்படாதம்மா. ஆனா இது எரிஞ்சா எங்க இருந்தாலும் ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சிடு. உள்ள எண்ணெய் போய்ச் சேரலன்னு அர்த்தம். விட்டா இரும்பும் இரும்பும் கடிச்சுக்கும்." அவள் பாடம் ஒப்பிப்பதுபோலத் திருப்பிச் சொன்னாள், "எரிஞ்சா ஓரங்கட்டணும், அணைக்கணும்." சொல்லிக்கொடுத்தவன் நான்தான் என்பதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு முனையில்தான் அந்த மெக்கானிக்கின் ஷெட். எல்லோரும் அவனை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். முதலில் ஆயிலை மாற்றினான். உள்ளே இருந்தது தார் மாதிரி இறங்கியது. பில்டரை மாற்றினான். விளக்கு போகவில்லை. விளக்குக்குத் தகவல் சொல்லும் சுவிட்சை மாற்றினான், அப்போதும் போகவில்லை. கடைசியில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் ஒரு கேஜை மாட்டினான். "விளக்கு சொல்றத நம்பாதீங்க சார், முள்ளு சொல்றத நம்புங்க" என்றான். முள் எழுந்திருக்கவே இல்லை. அடியில் எண்ணெய் நிற்கும் தட்டைக் கழற்றினால், பம்ப் எண்ணெயை உறிஞ்சுகிற இடத்தில் இருக்கும் வடிகட்டி வலை முழுக்கக் கசடு. தட்டை ஒட்டுவதற்கு எவனோ முன்பு அள்ளி அப்பிய பசை, காய்ந்து துண்டு துண்டாக வந்து அடைத்திருந்தது.

நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலங்களைப் பற்றி. வேலை முடிந்து அவள் நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவாள். பழைய டயர்களைக் கவிழ்த்துப் போட்டு மூன்று பேரும் உட்காருவோம். தேநீர் வரும். அவள் டார்ச் பிடிப்பாள், கன்னத்தில் கிரீஸ் ஒட்டியிருக்கும், சொன்னால் துடைக்க மாட்டாள். "எங்க ஆஸ்பத்திரியில கூட இப்படி ஆளுங்கள பொறுமையா பாக்கறதில்ல" என்று டாக்டரைச் சீண்டுவாள். லேபிலிருந்து நடுவில் போன் செய்து, "அண்ணா, எனக்கு ஒண்ணு தோணுது, பம்பே தேஞ்சிருக்குமோ?" என்பாள். காலம் முழுக்க அழுத்தத்தோடு மல்லுக்கட்டியவன் நான். என்னிடம் அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சு. எப்போது நான் சந்தோஷமாக இருந்தேன் என்று கேட்டால், அந்தக் கார் ஓடாமல் கிடந்த நாட்கள் என்றுதான் சொல்வேன்.

வலையைச் சுத்தம் செய்து மாட்டியதும் முள் ஜம்மென்று ஏறி நின்றது. டாக்டர் பானெட்டைத் தட்டி, "இனிமே நீங்க எங்க வேணா போலாம்மா" என்றான். அன்றே அவள் புது ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேலையில் சேரும் நாளைச் சொல்லிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் ஆயில் எந்தத் தரம் நல்லது என்று பேச்சை ஆரம்பித்தேன். "அதான் சரியாயிடுச்சேண்ணா" என்றாள், தட்டிலிருந்து தலையை எடுக்காமல். அதற்குப் பிறகு பேச ஒன்றும் இல்லை. குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த விளக்கு இருக்கிறதே, ஐயா, அது சரியான ஏமாளி. அதற்கு ஒரே ஒரு ஒயர். அந்த ஒயர் இன்ஜின் இரும்பைத் தொட்டால் எரியும், தொடாவிட்டால் எரியாது. உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒயர் ஒரு இடத்தில் இரும்பை ஒட்டிப் போகிறது. அங்கே தோலைப் பிளேடால் கொஞ்சம் சுரண்டிவிட்டேன், அவ்வளவுதான். இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்லை. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

விளக்கு திரும்ப எரிந்ததும் அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். போகும் நாளைத் தள்ளிப் போட்டாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "ஒரே நாள்ல முடியற வேலையில்லம்மா இது. பொறுமையா பாப்போம்" என்றேன்.

ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகும் முன்னால் அந்த இடத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவேன், விளக்கு எரியாது. வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடுவேன், எரியும். டாக்டர் பாவம், மண்டையைப் பிய்த்துக்கொண்டான். மறுபடி டயர் மேல் உட்கார்ந்தோம். மறுபடி தேநீர் வந்தது. ஆனால் அவள் முன்போல இல்லை. டார்ச்சை எங்கேயோ பார்த்துக்கொண்டு பிடித்தாள். எழுந்து போய்ப் புது ஆஸ்பத்திரிக்காரர்களிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாமல் இல்லை. சிரிக்காவிட்டால் என்ன, பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று இருந்துவிட்டேன்.

ஒருநாள் டாக்டர் பொறுமை இழந்து கேஜை மாட்டி, இன்ஜினைச் சூடாக்கி, அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். "முள்ளு கம்பி மாதிரி நிக்குது பாருங்கம்மா. விளக்குதான் பொய் சொல்லுது. எரிஞ்சா எரியட்டும், கண்டுக்காம ஓட்டுங்க."

இந்த வார்த்தைக்காகத்தான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் சொன்னபோது அது நூற்றுக்கு நூறு உண்மை. அதைப் பொய்யாக்கியவன் நான்.

முள்ளும் இறங்கினால்தான் இனி அவர்கள் நம்புவார்கள் என்று எனக்குப் புரிந்தது. முதல் தடவை வலையிலிருந்து சுரண்டிய கசடை நான் ஒரு பெயிண்ட் டப்பாவில் எடுத்து வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று கேட்பீர்கள். அந்தச் சாயங்காலங்களின் ஞாபகமாக என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நிஜம். அவள் வேலைக்குப் போயிருந்த பகலில் இன்ஜின் மேல்மூடியைத் திறந்து, அந்தக் கசடைக் கரண்டியால் உள்ளே போட்டு, எண்ணெய் ஊற்றிக் கீழே இறக்கினேன். கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். ஒயரில் டேப் சுற்றித்தான் இருந்தது. இருந்தும் விளக்கு எரிந்தது. என் கணக்கு இதுதான்: சனிக்கிழமை ஷெட்டுக்குப் போவோம், முள் படுத்துவிடும், தட்டைக் கழற்றுவான், முதலிலிருந்து எல்லாம் ஆரம்பமாகும்.

அவள் சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. இதற்கு மேல் தள்ளினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்களாம். மறுநாள் காலை பெட்டிகளை ஏற்றினாள். ஏற்றி முடிக்கும்வரை இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டருகே நின்றேன். விளக்கு சிவப்பாக எரிவது அங்கிருந்தே தெரிந்தது.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய சிரிப்பு. "எரியறான் பாருண்ணா உன் சிநேகிதன். எரியட்டும். ஆனா வழி பூரா மூஞ்சிக்கு நேரா எரிஞ்சா எரிச்சலா இருக்கும். உன்கிட்ட டேப் இருக்குமே, ஒரு துண்டு குடேன்."

டேப் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒயரில் சுற்றிய அதே டேப். பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். அவள் அதை விளக்கின் மேல் ஒட்டி விரலால் அழுத்தி நீவிவிட்டாள். "அப்பாடா" என்றாள். "உடம்ப பாத்துக்கோண்ணா. ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்."

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இறங்கு, நிஜமாகவே எண்ணெய் ஏறவில்லை என்று. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால் அவள் போய்விடுவாள், அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வர மாட்டாள். சொல்லாவிட்டால் வண்டி வழியில் எங்கேயாவது நின்றுவிடும், எனக்குத்தான் போன் செய்வாள், நான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய் இழுத்து வருவேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். இரண்டில் எதில் அவள் எனக்கு மிஞ்சுவாள்?

உள்ளே வந்து அவள் குடித்த தம்ளரைக் கழுவினேன். அவள் கட்டிலிலிருந்து எடுத்த விரிப்பைத் திரும்பப் போட்டேன், எப்படியும் அன்றே வந்துவிடுவாள் என்று. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது அடித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. உங்கள் ஸ்டேஷனிலிருந்து பேசினார்கள். நெடுஞ்சாலை ஏற்றத்தில் இன்ஜின் இறுகிச் சக்கரம் பூட்டிக்கொண்டதாகவும், பின்னால் வந்த லாரி மேலே ஏறிவிட்டதாகவும் சொன்னார்கள். லாரிக்காரர் மீதும் தப்பு இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கொஞ்ச நாள் வீடு நிறைய ஆட்கள். எத்தனையோ வருஷமாக எட்டிப் பார்க்காத சித்தப்பா மகன் என் தோளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். டாக்டர் மட்டும் தினம் சாயங்காலம் வருவான். "நான்தான் சார் ஓட்டச் சொன்னேன், என் வாயாலதான் சொன்னேன்" என்று என் மடியில் விழுந்து அழுவான். நான் தேற்றுவேன். விதி என்பேன், சாப்பிட்டுவிட்டுப் போ என்பேன். இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவான். நீங்கள் அவனைக் கூட்டி வந்துவிட்ட பிறகு சாயங்காலத்தில் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

ஆகவே என் தங்கையைக் கொன்றது நான்தான். சட்டத்தில் அதற்கு என்ன பெயரோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனை விட்டுவிடுங்கள். விட்டதும், முடிந்தால் ஒரு நடை வந்து என்னைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெயிண்ட் டப்பா விஷயத்தை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம்.

எழுந்துவிட்டீர்களே. உட்காருங்கள், இன்னும் நிறைய இருக்கிறது. சில விஷயங்களை நான் வரிசை மாற்றிச் சொல்லியிருக்கிறேன், சிலவற்றை விட்டும்விட்டேன். நாளைக்கும் நீங்கள் கேட்க வேண்டிவரும். அப்புறம், காலையில் உங்கள் ஜீப்பை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினீர்களே, அணைப்பதற்கு முன்னால் இன்ஜினுக்குள்ளிருந்து டிக் டிக்கென்று ஒரு சத்தம் வந்தது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை. நான் இங்கேதானே இருக்கப் போகிறேன், சாவியைக் கொடுத்தால் பார்த்துத் தருகிறேன். ஆனால் நீங்களும் தினம் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து டார்ச் பிடிக்க வேண்டும். அது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை.