பாதி விலைப் பம்பு

1981 டிசம்பர் 9, காலை எட்டே கால், குளிர்காற்று. கோர்படி போகும் பஸ்ஸில் என் முன்னால் இரண்டு பருத்தி விவசாயிகள் மராத்தியில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பாதி விலைக்கு மருந்தடிக்கிற பம்பு கிடைச்சுது. தம்பிதான் போயிட்டான்."

"ஐயோ, செத்தா போனான்?"

"பக்கத்துலதான் இருக்கான். சின்ன விவசாயிக்குத்தான் மானியம்னாங்க. நிலத்தைக் காகிதத்துல மட்டும் ரெண்டாப் பிரிச்சோம். அவன் நடுவுல வரப்பே போட்டுட்டான்."

"பம்பு?"

"அவன் பேர்ல வாங்கினது, அவன்கிட்ட. எனக்கு வாடகைக்குத் தர்றான்."

மற்றவர் சிரித்துவிட்டார். "பேசிச் சேர்ந்துக்கய்யா."

"மானியத்தை நானே திருப்பிக் கட்டிடறேன், ஒண்ணா இருப்போம்னேன். வரப்புல துவரை விதைச்சாச்சுன்னான்."

அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நான் இரண்டு நிறுத்தம் வந்திருந்தேன். கூடுதல் டிக்கெட் பதினைந்து பைசா.