பூங்காவனம் ஏன் அழுதாள்

— ஒளிஞ்சது போதும் ஜெயா. ரெண்டு வாரமா என் தலையைக் கண்டாலே பின்கதவால போயிடுறே. பக்கத்து வீட்டுக்காரிகிட்ட எத்தனை நாளைக்கு இந்த ஆட்டம்?

— ஒளியல பூங்காவனக்கா. காய்ச்சல். சத்தியமா.

— காய்ச்சக்காரி நேத்து பாசார்ல மீன் பேரம் பேசிக்கிட்டு நின்னே. இந்தா பாரு, நேராவே கேக்குறேன். இந்த மாசப் பத்திரிகையில நம்ம வட்டாரப் பேரைப் போட்டு ‘காஜா பெராங் பெண்ணின் கண்ணீர்’னு எழுதியிருக்கியே, அதுல வர்ற பூங்காவனம் யாரு?

— ஊர்ல எத்தனையோ பூங்காவனம் இருக்காங்கக்கா.

— லோரிக்கார அப்பாசாமி பொண்டாட்டின்னும் போட்டிருக்கே.

— அது வந்து... உண்மைப் பேரா இருந்தா நல்லதுன்னு ஆசிரியர் சொன்னாரு.

— பேரு மட்டும்தான் உண்மை. சுதந்திரம் எப்பன்னு மெர்டேக்கா தேதியைச் சொன்னதும் கடலோரத்துப் பண்டார் ஹிலிர் திடல்ல நான் உருகி உருகி அழுதேனாம். ஏண்டி, நீ என் பக்கத்துலதானே நின்னே? ஒருத்தன் சப்பாத்துக் காலால என் கட்டைவிரலை நசுக்கிட்டான். அதுக்கு அழுதேன்.

— தெரியும்க்கா.

— தெரிஞ்சுமா எழுதுனே?

— அனுப்புனதெல்லாம் திரும்பித் திரும்பி வந்துச்சுக்கா. பெண் கல்வி எழுதினேன், கைத்தொழில் எழுதினேன். ‘உணர்ச்சி போதவில்லை’ன்னு ஓரத்துல ஒரு வரி எழுதித் திருப்பிடுவாரு. அதான் விரலை எடுத்துட்டுக் கண்ணீரை மட்டும் வச்சுக்கிட்டேன்.

— நல்லா வச்சே போ. நான் வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தேன்னு உனக்குத் தெரியாதா?

— துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போறதா.

— ம். கூட்டத்துல கலாட்டா வரும், அந்தப் பக்கமே போகாதேன்னு அவரு அடிச்சுச் சொல்லியிருந்தாரு. இப்ப என்னடான்னா, கோப்பிக்கடையில யாரோ பத்திரிகையைப் பிரிச்சு, ‘உன் சம்சாரம் இதுல வந்திருக்காங்க பாரு’ன்னு அவரு கையிலயே குடுத்திருக்கான்.

— போச்சு. அண்ணன் அடிச்சிட்டாரா?

— வந்து சோத்துல கை வைக்காம உக்காந்திருந்தாரு. நான் ரசத்தை ஊத்துனேன். மெதுவாக் கேட்டாரு, ‘திடல்ல நீ எந்தப் பக்கம் நின்னே?’ன்னு. மரத்துப் பக்கம்னேன். ‘நான் கடல் பக்கம்’கிறாரு.

— என்னக்கா சொல்றீங்க? அண்ணன் அன்னிக்கு மூவாருக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போனாருன்னீங்களே?

— எங்கிட்ட அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு. மனுசன் லோரியைக் கடலோரமா நிறுத்திட்டு அதுக்கு மேல ஏறி நின்னிருக்காரு. கூட ரெண்டு மூணு மலாய்க்காரங்க, ஒரு சீனக் கிழவரு. எல்லாம் சேந்து ‘மெர்டேக்கா மெர்டேக்கா’ன்னு கத்துனதுல தொண்டை கட்டிக்கிச்சாம். மூவார் ரோட்டுத் தூசின்னு எங்கிட்டப் புளுகிட்டாரு. நானும் மிளகுக் கசாயம் வச்சுக் குடுத்தேன்.

— சிரிக்காதீங்கக்கா, எனக்கும் அடக்க முடியல.

— சிரி சிரி. நாங்க சிரிச்ச சிரிப்புல ரசம் ஆறிப்போச்சு. அந்தச் சீனக் கிழவரு கீழ எறங்கத் தெரியாம அவரு முதுகுலயே தொத்திக்கிட்டாராம். அதைச் செஞ்சே காட்டுறாரு, சோத்துக் கையோட. கல்யாணம் ஆனதுலேருந்து வாயைத் திறந்தா லோரி டயரைப் பத்தித்தான் பேசுவாரு. அன்னிக்குத்தான்டி அந்த மனுசன் பேசிப் பாத்தேன்.

— அப்ப எம்மேல கோவம் இல்லையே?

— ஏன் இல்லாம? என்னை அழுமூஞ்சின்னு ஊருக்கே காட்டிட்டே. நேத்து பைப்படியில ஒருத்தி எனக்கு ஆறுதல் சொல்றா.

— தப்புதான்க்கா. நடந்ததை நடந்தபடி எழுதி நானே மறுப்பு அனுப்பிடுறேன். என்ன ஒண்ணு, ஆசிரியர் இனிமே எம்பக்கமே திரும்ப மாட்டாரு. அடுத்த மாசமும் ஒரு பக்கம் தர்றதாச் சொல்லியிருந்தாரு. அதுவும் போகும். போனாப் போகட்டும்.

— நீ மறுப்பெல்லாம் எழுத வேணாம்.

— இல்லக்கா, எழுதத்தான் வேணும்.

— அட, கேளுடி. நடந்ததை நானே எழுதி அனுப்பிட்டேன், அடுத்த மாசம் அந்தப் பக்கத்துல என் கட்டுரைதான் வருதாம்.